பணியாரக் குறிப்பும் விமான டிக்கெட்டும்: உருமாறிய வைரஸ் எந்த வழியாக ஊர் வந்து சேர்கிறது?

2023 அக்டோபர் 25 அன்று திருச்சி மாவட்டத்துக்காரர் ஒருவர் சிங்கப்பூர் போனார். அங்கே அவருக்குக் கொரோனா என்று தெரிந்தது. மரபணுவை வாசித்துப் பார்த்தால், ஜேஎன்.1 என்ற புதிய வகை. ஆறு வாரம் கழித்து, டிசம்பர் 8 அன்று, திருவனந்தபுரம் மாவட்டத்து மூதாட்டி ஒருவரின் மாதிரியிலும் அதே வகை உறுதியாயிற்று. இந்தியாவின் முதல் ஜேஎன்.1 கேரளத்தில்தான் என்று செய்திகள் ஓடின. அந்த மாநிலத்தின் அப்போதைய சுகாதார அமைச்சர் வீணா ஜார்ஜ் இதை ஏற்கவில்லை. சிங்கப்பூர் விமான நிலையத்தில் இந்தியர்களிடம் இது முன்பே கண்டறியப்பட்டதுதான், கேரளம் தேடியது, அதனால் அகப்பட்டது என்றார்.

வைரஸ் எங்கிருந்து எப்படி வந்தது என்று தேடும் துறையின் பாதி விஷயம் அவர் சொன்னதில் அடங்கியிருக்கிறது. ஒரு வைரஸ் வகை முதலில் அகப்படும் ஊரும், அது பிறந்த ஊரும், அது பரவத் தொடங்கிய ஊரும் வெவ்வேறாக இருக்கலாம். இவற்றைப் பிரித்தறிய இரண்டு சாட்சிகள் வேண்டும். ஒன்று வைரஸின் மரபணு. மற்றது மனிதர்களின் போக்குவரத்து. இரண்டில் ஒன்றை மட்டும் நம்பியவர்கள் ஏமாந்த கதைகளும் உண்டு. அவற்றைப் பிறகு சொல்கிறேன்.

செட்டிநாட்டில் உட்கார்ந்து இதை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. காரைக்குடிக்காரர்களுக்குத் திருச்சி–சிங்கப்பூர் விமானம் ஏறக்குறைய டவுன் பஸ் மாதிரி. கோலாலம்பூருக்கும் அப்படித்தான். ஒரு காலத்தில் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி, பினாங்குக்கும் ரங்கூனுக்கும் ‘கொண்டு விற்க’ப் போன ஊர்கள் இவை. வீதிக்கு நாலு வீடு வருஷத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும். படைப்பு (முன்னோருக்குப் படையல்), கல்யாணம், திருவிழா என்றால் திடீரென்று எல்லா முகப்பிலும் செருப்புகள் குவியும். இப்படிப்பட்ட ஊருக்குள் ஒரு வைரஸ் வரும் வழி, நிலையாக மக்கள் வாழும் ஊருக்குள் வரும் வழியைப் போல இருக்காது.

ஆச்சியின் நோட்டு

மரபணுவை வைத்து உறவு கண்டுபிடிப்பதை விளக்க எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம், கையால் படியெடுத்த சமையல் குறிப்பு.

பள்ளத்தூரில் ஓர் ஆச்சி வெள்ளைப் பணியாரத்துக்குக் குறிப்பு எழுதி வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘பச்சரிசி ஓர் உழக்கு, தலை தட்டி அளக்கவும். அதன்மேல் உளுந்தைக் கோபுரமாகக் குவிக்கவும்.’ உழக்கின் மேல் எவ்வளவு குவிகிறதோ அவ்வளவுதான் உளுந்து. மூத்த மகள் இதைப் பார்த்து எழுதிக்கொண்டு பினாங்கு போகிறாள், ‘கோபுரமாக’ என்ற சொல்லை விட்டுவிடுகிறாள். இளைய மகள் சென்னைக்குப் போகிறாள். அவளிடம் அந்தச் சொல் இருக்கிறது, ஆனால் ‘பால் ஒரு கரண்டி’ என்பது ‘இரண்டு கரண்டி’ ஆகிவிடுகிறது. பிறகு இவர்களுடைய நாத்தனார்கள், மருமகள்கள், மருமகள்களின் தோழிகள் என்று ஆளாளுக்குப் பார்த்து எழுதுகிறார்கள். ஒவ்வொருவரும் முன்னவரின் பிழையைச் சுமந்துகொண்டு, எப்போதாவது தன் பங்குக்கு ஒரு பிழையைச் சேர்க்கிறார்கள்.

ஐம்பது வருஷம் கழித்து நாற்பது நோட்டுகள் உங்கள் மேசைக்கு வருகின்றன. யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்று சொல்ல ஆளில்லை. ஆனாலும் ‘கோபுரமாக’ இல்லாத நோட்டுகளை ஒரு பக்கம் அடுக்கலாம். அவற்றுக்குள் இன்னொரு பிழையைப் பகிர்ந்துகொள்ளும் ஆறேழு நோட்டுகளைத் தனியே எடுக்கலாம். இப்படியே போனால் ஒரு வம்சாவழி மரம் கிடைத்துவிடும். ஏட்டுச் சுவடிகளின் பாடபேதங்களை ஒப்பிட்டுப் பதிப்பாசிரியர்கள் செய்ததும் இதே வேலைதான்.

கொரோனா வைரஸின் குறிப்பு சுமார் 29,900 எழுத்து நீளம். நான்கே எழுத்துகள்தான் திரும்பத் திரும்ப வரும். அதன் முதல் முழுப் படியைச் சீன ஆய்வாளர் ஜாங் யோங்ஜென் குழுவினர் 2020 ஜனவரியில் வெளியிட்டார்கள். அதற்குப் பிறகு உலகம் முழுவதும் வாசிக்கப்பட்ட படிகள் ஒன்றரைக் கோடிக்கும் மேல். வைரஸ் ஓர் உடலுக்குள் பெருகும்போதெல்லாம் இந்தக் குறிப்பைப் படியெடுக்கிறது, அவ்வப்போது பிழை விடுகிறது. இந்த வைரஸிடம் தன் பிழையைத் தானே திருத்தும் ஒரு நொதியும் உண்டு. அதனால் ஃப்ளூ வைரஸை விட இது கவனமான எழுத்தர். அப்படியும் ஒரு பரவல் சங்கிலியில் மாதத்துக்கு ஏறத்தாழ இரண்டு எழுத்து மாறி நிலைத்துவிடுகிறது.

பெரும்பாலான பிழைகளால் ஒன்றும் ஆவதில்லை, பணியாரம் அதே பணியாரம்தான். எப்போதாவது ஒரு பிழை வைரஸுக்கு வாய்ப்பாகிவிடுகிறது, அது மற்றப் படிகளை ஓரங்கட்டிவிட்டுப் பரவுகிறது. டெல்டா, ஒமைக்ரான் என்று நாம் பெயர் வைத்துக் கூப்பிட்டவை அவை. ஒரே பிழையைத் தொடர்பில்லாத இருவர் தனித்தனியே செய்வதும் நடக்கும். என்501ஒய் என்ற மாற்றம் பிரிட்டனிலும் தென்னாப்பிரிக்காவிலும் பிரேசிலிலும் வெவ்வேறு கிளைகளில் தனியாகத் தோன்றியது. ஆகவே ஒரு பிழை ஒத்துப்போவதை வைத்து உறவு கொண்டாட முடியாது, பல பிழைகள் சேர்ந்து ஒத்துப்போக வேண்டும். இன்னும் ஒரு சிக்கல்: இரண்டு நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முதல் பாதியை ஒன்றிலிருந்தும் மறுபாதியை மற்றதிலிருந்தும் எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். 2022இல் பரவிய எக்ஸ்பிபி, ஒரே உடலுக்குள் சந்தித்த இரண்டு ஒமைக்ரான் கிளைகள் அப்படிக் கலந்து பிறந்தது.

எழுத்து மாறும் வேகம் ஓரளவு சீராக இருப்பதால் அதைக் கடிகாரமாகவும் பயன்படுத்தலாம். இரண்டு படிகளுக்கு இடையே நான்கு எழுத்து வேறுபாடு என்றால், அவற்றின் பொது மூதாதை எத்தனை வாரத்துக்கு முன் இருந்திருக்கும் என்று கணக்குப் போடலாம். ஆனால் இந்தக் கடிகாரத்துக்கு நிமிட முள் கிடையாது. ஓர் எழுத்து மாற இரண்டு வாரம் ஆகிறது. ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குத் தொற்று தாவவோ நான்கைந்து நாள் போதும், ஒமைக்ரானுக்கு அதைவிடக் குறைவு. அதாவது ஒரு கல்யாண வீட்டில் மூன்று பேரைத் தாண்டிய பிறகும் வைரஸின் படி அச்சுப் பிசகாமல் ஒன்றாகவே இருக்கலாம். மாப்பிள்ளை வீட்டாரிடமிருந்து பெண் வீட்டாருக்கு வந்ததா, சமையல்காரரிடமிருந்து இருவருக்கும் வந்ததா என்று மரபணு சொல்லாது. மரபணு ஆய்வு வந்துவிட்டது, இனி யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்பது தெரிந்துவிடும் என்று எழுதுகிறவர்கள் இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் நல்லது.

நோட்டில் இல்லாத இன்னொன்றும் உண்டு. அந்த நாத்தனார் எந்த ஊர் அடுப்படியில் உட்கார்ந்து எழுதினாள் என்பது.

தூரத்தைக் கிலோமீட்டரில் அளக்காதவர்கள்

அதற்குத்தான் பயணத் தரவு. விமான டிக்கெட் எண்ணிக்கை, செல்பேசிகள் ஒரு கோபுரத்தின் எல்லையிலிருந்து இன்னொன்றுக்கு நகரும் போக்கு, சுங்கச்சாவடியைக் கடக்கும் வண்டிகள், ரயில் முன்பதிவு எல்லாம் இதில் சேரும். தனி மனிதர் பெயர் தேவையில்லை, எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு எத்தனை பேர் என்ற கூட்டுத்தொகை போதும்.

2013இல் டிர்க் பிராக்மன், டிர்க் ஹெல்பிங் என்ற இருவர் சயின்ஸ் இதழில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தொற்றுநோய்க்கு நில வரைபடம் பொருந்தாது என்பது அவர்கள் வாதம். ஓர் ஊரிலிருந்து கிளம்புகிறவர்களில் எத்தனை பங்கு பேர் இன்னோர் ஊருக்குப் போகிறார்கள் என்று பாருங்கள். பங்கு அதிகமானால் அந்த ஊர் பக்கம், குறைந்தால் தூரம். இந்தப் புதிய தூரத்தை வைத்து 2003 சார்ஸையும் 2009 பன்றிக் காய்ச்சலையும் வரைந்தபோது, நில வரைபடத்தில் கன்னாபின்னாவென்று தெறித்த பரவல், குளத்தில் கல் போட்டதுபோல வட்ட வட்டமாக விரிந்தது.

செட்டிநாட்டு ஆச்சிமார்களுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ‘அவுக பக்கத்துலதான் இருக்காக, ஈப்போவுல’ என்று மலேசியாவில் இருக்கும் சொந்தங்களைப் பற்றிச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள். இந்தக் கணக்குப்படி காரைக்குடிக்கு ஜபல்பூரை விடச் சிங்கப்பூர் கிட்டத்தில் இருக்கிறது. தேவகோட்டைக்கும் கானாடுகாத்தானுக்கும் கூட அப்படித்தான். கோலாலம்பூரைச் சுற்றிய கிளாங் பள்ளத்தாக்கில் ஒரு புதிய வகை பரவுகிறது என்றால், வட இந்தியாவில் பரவுவதை விட அது நமக்கு அவசரமான செய்தி. ஆனாலும் நம் சுகாதார அறிக்கைகள் மாவட்டம், மாநிலம், நாடு என்ற வரிசையில்தான் யோசிக்கின்றன என்பது என் மனக்குறை.

பயணத்தைக் கணக்கில் எடுக்காமல் மரபணுவை மட்டும் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு 2020 கோடைகால ஐரோப்பா ஓர் உதாரணம். ஸ்பெயினில் ஜூன் மாத வாக்கில் தென்பட்ட ஒரு கிளை, இலையுதிர்காலத்துக்குள் பல நாடுகளில் பெரும்பான்மையாகிவிட்டது. இவ்வளவு வேகமாக வளர்கிறதே, கூடுதலாகத் தொற்றும் வகையோ என்ற பயம் வந்தது. பயணக் கணக்கைச் சேர்த்துப் பார்த்தபோது விஷயம் வேறு. வைரஸிடம் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. ஸ்பெயின் கடற்கரைக்கு விடுமுறைக்குப் போனவர்கள் ஆளுக்கொரு பொட்டலமாக வீட்டுக்குக் கொண்டு வந்திருந்தார்கள். வளர்ந்தது சுற்றுலா.

மறுபக்க ஏமாற்றம் அமெரிக்காவில் நடந்தது. 2020 ஜனவரி 15 அன்று வூஹானிலிருந்து வாஷிங்டன் மாநிலத்துக்கு ஒருவர் வந்து இறங்கினார், சில நாளில் தொற்று உறுதியானது. பிப்ரவரி கடைசியில் அதே பகுதியில் ஒரு பரவல் வெளியே தெரிந்தது. எழுத்துகளை ஒப்பிட்டால், அவருடைய படிக்கும் இந்தப் படிகளுக்கும் இரண்டே எழுத்துதான் வேறுபாடு. ஆறு வாரமாக அவரிடமிருந்தே ரகசியமாகப் பரவிக்கொண்டிருக்கிறது என்று முடிவு கட்டினார்கள். எழுத்துக் கணக்கும் நாள் கணக்கும் அழகாகப் பொருந்தின. பிறகு மைக்கேல் வொரோபி குழுவினர் கணினியில் அந்தப் பரவலைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார்கள். அவரிடமிருந்துதான் வந்ததென்றால், நடுவில் ஓர் எழுத்து மட்டும் மாறிய படிகள் சிலவாவது அகப்பட்டிருக்க வேண்டும். ஒன்றுகூட இல்லை. பிப்ரவரியில் வேறொருவர் தனியாகக் கொண்டுவந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று 2020 கடைசியில் எழுதினார்கள். நகரத்தாரில் ஒரே குலக்கோயிலைச் சேர்ந்தவர்கள் என்பதால் இவர் அவருக்குப் பிள்ளை என்று ஆகிவிடாது. பங்காளியாகவும் இருக்கலாம்.

விமான நிலையமா, பஸ் நிலையமா?

இந்த இரண்டு சாட்சிகளையும் மிக நன்றாகச் சேர்த்துப் படித்தது என்று நான் நினைப்பது, இங்கிலாந்துக்குள் டெல்டா புகுந்த கதையை ஆராய்ந்து 2022இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு. பத்தாயிரக்கணக்கான மரபணுப் படிகள், அவற்றோடு விமானப் பயணம், உள்நாட்டு நடமாட்டம். இந்தியாவிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் டெல்டா ஆயிரம் முறைக்கு மேல் தனித்தனியாக உள்ளே வந்திருந்தது. விமானப் பயணிகளை ஹோட்டலில் தனிமைப்படுத்தியது பலன் தந்தது, அவர்களிடமிருந்து அடுத்தவருக்குப் பரவுவது குறைந்தது. ஆனால் பின்னால் நாடெங்கும் ஆக்கிரமித்த சங்கிலிகள், 2021 ஏப்ரலில் கதவு மூடப்படுவதற்கு முன்பே உள்ளே வந்துவிட்டவை. அவற்றை ஊர் ஊராக எடுத்துச் சென்றது உள்நாட்டுப் பயணம். ஓர் ஊரில் டெல்டா எவ்வளவு வேகமாக ஏறியது என்பதைத் தீர்மானித்தது, அங்கே எத்தனை முறை வெளியிலிருந்து வந்தது என்பதல்ல. உள்ளூரில் மனிதர்கள் எவ்வளவு கலந்து பழகினார்கள் என்பதுதான்.

இதைச் செட்டிநாட்டில் பொருத்திப் பார்க்கிறேன். சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் சிதறிய எழுபத்துச் சொச்சம் ஊர்களுக்கு விமான நிலையம் திருச்சியிலோ மதுரையிலோ இருக்கிறது. வெளிநாட்டு வைரஸ் அங்கே இறங்கும் என்பது உண்மை. ஆனால் ஊருக்குள் அது சுற்றுவது காரைக்குடி பஸ் நிலையத்தில், சந்தையில், பல்லவன் எக்ஸ்பிரஸ் பெட்டிகளில். எல்லாவற்றுக்கும் மேலாக, விசேஷ வீடுகளில்.

நாட்டரசன்கோட்டையில் பொங்கலுக்குப் பின் முதல் செவ்வாய்க்கிழமை நடக்கும் செவ்வாய்ப் பொங்கலை எடுத்துக்கொள்ளுங்கள். நகரத்தார் குடும்பங்களில் கல்யாணமான ஒவ்வொரு ஆணும் ஒரு புள்ளி. புள்ளிக்கு ஒரு பானை. முதல் பானை யாருடையது என்று குடவோலை போலச் சீட்டெடுப்பார்கள். அன்று ஒரே வாசலில் நிற்கிறவர்கள், இரண்டு நாளில் சென்னைக்கும் கோவைக்கும் பெங்களூருக்கும் கோலாலம்பூருக்கும் பிரிந்து போகிறார்கள். பரவலை ஆராய்கிறவரின் கண்ணுக்கு இது பல ஊர் நூல்கள் ஒரு நாள் ஒரே முடிச்சில் சேர்ந்து மறுநாள் பிரிவது. ஆண்டு சராசரிப் பயணக் கணக்கில் இந்த முடிச்சு தெரியாது. பன்னிரண்டு மாதத்தையும் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்தால், செட்டிநாடு அமைதியான, ஆள் நடமாட்டம் குறைந்த பகுதி என்றே விடை வரும். நாள் வாரியாகப் பார்த்தால்தான் தை மாதத்துக் கூட்டமும், குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடியோடு நடக்கிறவர்களின் வரிசையும், முகூர்த்த நாளில் லெம்பலக்குடி சுங்கச்சாவடியில் நிற்கும் கார்களும் தெரியும்.

இதில் ஒரு வசதியும் இருக்கிறது. முடிச்சு எந்த நாளில் விழும் என்பது பஞ்சாங்கத்தைப் பார்த்தாலே தெரியும். கூட்டம் கலைந்து ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை இந்த வட்டார மருத்துவமனைகளுக்குக் காய்ச்சலோடு வருகிறவர்களின் மாதிரிகளில் கொஞ்சம் கூடுதலாக வாசித்தால், சாதாரண மாதத்தில் நூறு மாதிரி சொல்லாததை அவை சொல்லும்.

தேடுகிற இடத்தில் கிடைக்கும்

எல்லா மாதிரியையும் வாசிப்பதில்லை. வாசிக்கவும் முடியாது. வைரஸ் போதிய அளவு இருக்கும் மாதிரிதான் வேண்டும், பணம் வேண்டும், நாளும் ஆகும். இந்தியா இதற்காக 2020 டிசம்பரில் பத்து ஆய்வகங்களைச் சேர்த்து இன்சாகாக் என்ற கூட்டமைப்பைத் தொடங்கியது. அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்திலும் பணத்திலும் எழுந்த காரைக்குடி ஆய்வகம் மின்வேதியியலுக்கானது, ஆனால் அதன் உடன்பிறப்புகளான ஹைதராபாத், டெல்லி சிஎஸ்ஐஆர் (அறிவியல், தொழில் ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வகங்கள் அந்தப் பத்தில் இருந்தன. தமிழ்நாடு முதலில் மாதிரிகளைப் பெங்களூருக்கு அனுப்பிக் காத்திருந்தது. 2021 செப்டம்பரில் சென்னை தேனாம்பேட்டையில் மாநில அரசே மரபணுப் பகுப்பாய்வுக் கூடம் திறந்தது.

அந்த ஆண்டு டிசம்பரில் ஒமைக்ரான் வந்தபோது, முழு வாசிப்புக்குக் காத்திராமல் ஒரு குறுக்கு வழி பயன்பட்டது. சில ஆர்டி–பிசிஆர் கிட்டுகள் வைரஸின் மூன்று இடங்களைத் தேடும். ஒமைக்ரானின் முதல் கிளையில் ஸ்பைக் (வைரஸின் மேல்முள்) பகுதியில் ஆறு எழுத்து இல்லாததால் அந்த ஓரிடம் மட்டும் அகப்படாது. மூன்றில் இரண்டு வந்தால் சந்தேகம். நைஜீரியாவிலிருந்து தோஹா வழியாகச் சென்னை வந்த பயணிக்கு ஒமைக்ரான் என்று டிசம்பர் 15 அன்று அரசு அறிவித்தது. அடுத்த வாரமே, 23ஆம் தேதி, மேலும் 33 பேர். கொஞ்ச நாளில் பிஏ.2 என்ற தங்கைக் கிளை வந்தது. அதில் அந்த ஆறு எழுத்தும் பத்திரமாக இருந்ததால் குறுக்கு வழி அடைபட்டது.

பயணிகளையே பார்த்துக்கொண்டிருந்தால் பயணிகளிடமே கிடைக்கும். இந்தியா முதல் இரண்டு ஒமைக்ரான் நோயாளிகளை 2021 டிசம்பர் 2 அன்று கர்நாடகத்தில் அறிவித்தபோது, ஒருவர் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தவர், மற்றவர் எங்கும் போகாத உள்ளூர் மருத்துவர். அந்த இரண்டாவது மனிதர்தான் முக்கியமான செய்தி. விமான நிலைய வலையில் முதல் மீன் சிக்கும் முன்பே ஏரிக்குள் மீன் இருந்திருக்கிறது.

தேடியவர்களுக்குக் கிடைத்த பரிசையும் சொல்ல வேண்டும். நவம்பர் 24 அன்று தென்னாப்பிரிக்கா ஒமைக்ரானைப் பற்றி உலக சுகாதார நிறுவனத்துக்குத் தெரிவித்தது. ஓரிரு நாளில் பல நாடுகள் அந்த நாட்டு விமானங்களை நிறுத்தின. நெதர்லாந்து தன் பழைய மாதிரிகளைப் புரட்டியபோது நவம்பர் 19ஆம் தேதி மாதிரியிலேயே ஒமைக்ரான் இருந்தது. கணக்கை நேர்மையாகக் காட்டியவன் கடைக்கு மட்டும் சீல் வைத்த மாதிரி. ஏழைப் பயணியைத் தடுத்து வைப்பது நம் கடற்கரைக்குப் பழகிய காட்சிதான். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களைப் படகு ஏறும் முன் நாள்கணக்கில் நிறுத்தி வைத்து நோய் பார்க்க, இலங்கை அரசு மண்டபத்தில் முகாமே நடத்தியது.

இப்போது விமானக் கழிவறைத் தண்ணீரைச் சோதித்து வகைகளைக் கண்டுபிடிக்கிறார்கள். யாரையும் வரிசையில் நிறுத்த வேண்டாம், மூக்கில் குச்சி விட வேண்டாம். நகரங்களில் பாதாளச் சாக்கடையில் இதைச் செய்யலாம். செட்டிநாட்டுச் சிற்றூர்களில் வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க் என்பதால் அந்த வழி அவ்வளவு எளிதாக இராது. கழிவு லாரிகள் கொட்டும் சுத்திகரிப்பு நிலையத்தில் மாதிரி எடுக்கலாம், ஆனால் எந்த லாரி எந்த ஊரிலிருந்து வந்தது என்று எழுதி வைக்க ஆள் வேண்டும்.

அதைவிடச் சுலபமான ஒன்று இருக்கிறது. காய்ச்சலோடு போகிறவரிடம் நிரப்பச் சொன்ன படிவங்களில் ‘கடந்த 14 நாளில் வெளிநாடு சென்றீர்களா’ என்று ஒரு கட்டம் இருந்தது. கானாடுகாத்தானில் தனியாக இருக்கும் எழுபது வயது ஆச்சி அதில் ‘இல்லை’ என்றுதான் எழுதுவார், அது உண்மையும்கூட. அந்த வாரம் அவர் வீட்டுப் படைப்புக்கு நாலு நாட்டிலிருந்து பங்காளிகள் வந்து பட்டாலையில் படுத்திருந்தது எந்தக் கட்டத்திலும் ஏறாது. ‘உங்கள் வீட்டுக்கு யார், எங்கிருந்து வந்தார்கள்’ என்று கேட்டால், ஆச்சி பேர் பேராக, விமானம் வந்த நேரத்தோடு சொல்லிவிடுவார்.